கவுண்டி ஜெயிலில் ஆள் தேடும் வேலை

ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தால் நான் முதலில் கேட்பது "எந்த ரோடு?" என்றுதான். என்ன நடந்தது, எவ்வளவு குடித்தார், யார் மேல் தப்பு என்பதெல்லாம் அப்புறம். மறுமுனையில் இருப்பவர் பதறிக்கொண்டே கதையை ஆதியிலிருந்து ஆரம்பிப்பார். "அதெல்லாம் வக்கீல்கிட்ட சொல்லுங்கம்மா, எந்த ரோட்ல நிறுத்தினாங்க, எந்த ஊர் போலீஸ்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க" என்று வெட்டிவிடுவேன். கேட்பவருக்குக் கல்நெஞ்சக்காரி என்று தோன்றும். தோன்றட்டும். அமெரிக்காவில் கைதான ஒருவரைத் தேட, கைதான இடத்தைவிட நல்ல பிடி கிடையாது.

டாலஸ் பக்கம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக இருக்கிறேன். கிரிமினல் வழக்கு பார்ப்பவர் ஒருவர், குடியேற்ற வழக்கு பார்ப்பவர் ஒருவர், இரண்டு பேருக்கும் நான் ஒருத்தி. தமிழ் பேசுகிறவள் என்பதால் பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் என் நம்பர் எப்படியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரும் அதை வெளிப்படையாகக் கேட்டு வாங்குவதில்லை. "என் ஃப்ரெண்டுக்காகக் கேக்கிறேன் அக்கா" என்றுதான் தொடங்குவார்கள்.

பெயரைத் தட்டினால் ஆள் எங்கே இருக்கிறார் என்று நாடு முழுவதற்கும் சொல்லிவிடும் ஒரு பட்டியல் இருக்கும் என்று மென்பொருள் துறையில் இருப்பவர்களே நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. இந்த நாட்டில் நம் ஊர் மாவட்டம் மாதிரியான கவுண்டிகள் மூவாயிரத்து நூறுக்கும் மேல். பெரும்பாலான கவுண்டிகளில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஷெரிஃப் இருக்கிறார், ஜெயில் அவர் பொறுப்பு, அதன் பதிவேடும் அவர் பொறுப்பு. தெருவுக்கு ஒரு மளிகைக்கடை, கடைக்கு ஒரு கடன்நோட்டு என்பதுபோல. டெக்சஸில் மட்டும் 254 கவுண்டிகள். ஹியூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சம் பேர். மேற்கே லவிங் கவுண்டியில் அதே கணக்கெடுப்பில் 64 பேர். இரண்டுக்கும் ஒரே மாநிலச் சட்டம்தான். பதிவை வைத்திருக்கும் விதம் மட்டும் ஒன்றாக இருக்குமா?

நீண்ட தண்டனை பெற்றவர்கள் போவது மாநிலச் சிறைக்கு. அதற்கு மாநிலத்துக்கு ஒரு பட்டியல் உண்டு, தேடுவது எளிது. கவுண்டி ஜெயிலில் இருப்பவர்கள் அன்று பிடிபட்டவர்கள், ஜாமீன் கட்ட முடியாதவர்கள், விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், குறைந்த தண்டனைக்காரர்கள். ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால் நாடு முழுக்க இப்படி ஆறரை லட்சம் பேர் அளவில் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் மீது இன்னும் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. என்னைத் தேடி வரும் அழைப்புகள் எல்லாம் இவர்களைப் பற்றியவைதான். ஜெயில் கவுண்டியின் கையில் என்பதிலும் விதிவிலக்குகள் உண்டு. கனெக்டிகட்டில் 1960-லேயே கவுண்டி அரசாங்கத்தை ஒழித்துவிட்டார்கள். அங்கேயும் ரோட் ஐலண்ட், டெலவேர், வெர்மான்ட் போன்ற இடங்களிலும் எல்லா ஜெயிலும் மாநிலத்தின் கையில். வர்ஜீனியாவில் பல கவுண்டிகள் சேர்ந்து ஒரே ஜெயிலை நடத்துவதும் உண்டு. டெக்சஸின் சில சின்னக் கவுண்டிகளில் ஜெயிலே இல்லை, ஆளைப் பக்கத்துக் கவுண்டியில் பணம் கட்டி வைக்கிறார்கள்.

ஊர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கவுண்டியைச் சொல்லிவிட முடியாது. ஃபிரிஸ்கோவில் பாதி காலின் கவுண்டி, பாதி டென்டன். டாலஸ் நகரமே ஐந்து கவுண்டிகளில் கால் வைத்திருக்கிறது. அதனால்தான் ரோடு கேட்கிறேன். இன்னொரு சிக்கல், சில நகரங்களுக்கு அவர்களுடைய சொந்த லாக்கப் உண்டு. பிளேனோ போலீஸ் பிடித்தால் முதலில் நகர ஜெயிலுக்குப் போய்விட்டுப் பிறகுதான் கவுண்டிக்கு வருவார். அந்த இடைவெளியில் கவுண்டிப் பக்கத்தில் எத்தனை முறை தேடினாலும் வெறுமைதான். கவுண்டிக்கு வந்த பிறகும் உடனே பெயர் வராது. பையிலிருப்பதை எடுத்து எழுதி, கைரேகை எடுத்து, படம் பிடித்து, உடல்நிலை பற்றிக் கேள்வி கேட்டு முடித்து யாரோ கணினியில் ஏற்றினால்தான் புக்கிங் என்கிற அந்தப் பதிவு பிறக்கும். கூட்டமான சனிக்கிழமை இரவில் இதற்குப் பல மணி நேரம் ஆகும். டெக்சஸ் சட்டப்படி கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன் தொகை பெரும்பாலும் அங்கேதான் முடிவாகும். அதுவரை பதிவில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து ஜாமீனே கிடையாது என்று முடிவு கட்டி அழுகிறவர்கள் அதிகம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நம்மவர்களைத் தேடுவதில் பாதி வேலை இதுதான்.

தேடும் பக்கங்கள் முதலில் கேட்பது குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், மனைவிக்குப் புருஷன் பெயர் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்த இடம் காலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று போடுகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அது அப்படியே ஓட்டுநர் உரிமத்துக்கும், அங்கிருந்து ஜெயில் பதிவுக்கும் போகும். ஃப்னு என்று ஒரு முதல் பெயர் இருப்பதாக நினைத்து அப்படியே கூப்பிட்ட ஜெயிலர்களிடம் நான் பேசியிருக்கிறேன்.

ஆகவே என் வழக்கம் இது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் லைசென்ஸையும் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். லைசென்ஸில் இருக்கும் எழுத்துகளில் முதல் மூன்றை மட்டும் போட்டுத் தேடுவேன், நிறைய பக்கங்கள் பாதிப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும். பிறகு பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றிப் போடுவேன். லைசென்ஸ் கையில் இல்லாமல் பிடிபட்டவர் என்றால் காவலர் காதில் விழுந்தபடி தட்டியிருப்பார். 'ழ' வரும் பெயர்களுக்கு எல்லையே கிடையாது. பிறந்த தேதியை நம் ஊர் வழக்கப்படி நாளை முன்னால் சொல்லியிருந்தால் ஆகஸ்ட் ஐந்து மே எட்டாகியிருக்கும், அதையும் பார்க்க வேண்டும். ஹாரிஸ் கவுண்டியில் ஒருவருக்கு ஒருமுறை எஸ்பிஎன் எண் கொடுத்துவிட்டால் அடுத்த கைதிலும் அதே எண் தொடரும். அது கிடைத்துவிட்டால் பெயர்ச் சண்டை தீர்ந்தது.

இந்தச் சண்டை பெரிதாகத் தெரிந்தது 287-ஆம் நெடுஞ்சாலையில். கொலராடோவில் 2014 முதல் கஞ்சாவைக் கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள். விடுமுறைக்கு மலை பார்க்கப் போன மாணவர்கள் வேப் குப்பி ஒன்றை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு அமரில்லோ வழியாகத் திரும்பி வருவார்கள். அந்தக் குப்பியில் இருக்கும் எண்ணெய் டெக்சஸ் சட்டத்தில் இலைக் கஞ்சா வகையிலேயே சேராது. ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் பெலனி என்கிற பெருங்குற்றம், 180 நாளிலிருந்து இரண்டு வருஷம் வரை. ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு அண்ணன் கூப்பிட்டார். தம்பி கடைசியாகப் போனில் காட்டிய இடம் கிளாரண்டன் தாண்டி, அதற்குமேல் மணிக்கணக்காகச் சத்தமில்லை. விபத்தா, கைதா என்றுகூடத் தெரியாது. நான் சாலையோடு இறங்கினேன். டான்லி, ஹால், சில்ட்ரெஸ், ஹார்ட்மன், வில்பார்கர் என்று வரிசையாகக் கவுண்டிகள். அந்தப் பக்கத்துச் சின்ன ஜெயில்களில் இணையத்தைவிட போன்தான் வேகம். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். ஓரிடத்தில் போனை எடுத்த அம்மா பெயரைக் கேட்டுவிட்டு அப்படி யாரும் இல்லை என்றார். இரண்டு பேருக்கும் பெயரில் இடிக்கிறது என்று தெரிந்ததால் நான் பெயரை விட்டுவிட்டு, "இன்றைக்கு இந்தியப் பையன் யாராவது வந்தானா, கல்லூரி பனியன் போட்டவன்?" என்று கேட்டேன். "ஓ, அவனா? இருக்கிறான், இப்போதுதான் சாப்பாடு கொடுத்தோம்." அந்த ஒரு வரியைச் சென்னைக்குச் சொன்னபோது பெலனி என்ற வார்த்தையே அந்த அண்ணன் காதில் ஏறவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும்தான் கேட்டது.

புக்கிங் பதிவு பொதுவில் இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அரசாங்கம் ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தால் அவர் எங்கே இருக்கிறார் என்று யார் கேட்டாலும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இருக்க அதிகாரம் கொடுத்தால் ஆள் காணாமல் போவார். டெக்சஸ் பொதுத் தகவல் சட்டம், நடந்துகொண்டிருக்கும் புலனாய்வை மறைத்து வைக்க போலீசை அனுமதித்தாலும், கைதானவர் பற்றிய அடிப்படைத் தகவலை மறைக்க விடுவதில்லை. ஹியூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை 1975-ல் நகராட்சியோடு போட்ட வழக்கில் அதற்கு அடித்தளம் விழுந்தது. மனு எழுதுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தச் சட்டத்தின்கீழ் இருக்கிற காகிதத்தைத்தான் கேட்கலாம், கேள்விக்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமையில்லை. "ஏன் இவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்?" என்று எழுதினால் மனு குப்பைக்குப் போகும். புக்கிங் தாள், உடைமைப் பட்டியல், ஜாமீன் பத்திரம், விடுவித்த நேரப் பதிவு என்று பெயர் சொல்லி, தேதி குறித்துக் கேட்டால் வரும். உடைமைப் பட்டியலை யாரும் கண்டுகொள்வதில்லை. பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று எனக்குப் பலமுறை சொன்னது அதுதான்.

தாள் கையில் வந்தபின் அதில் எதை நம்புவது? ஆள் இருக்கிறார், இந்த இடத்தில், இந்த நேரத்திலிருந்து: இதை நம்பலாம். மற்றதை நான் பாதிதான் நம்புவேன். உயரம் 507 என்றிருந்தால் ஐந்தடி ஏழு அங்குலம். இனத்துக்கு ஒற்றை எழுத்து. நம்மவர்களை ஆசியர் என்று போட வேண்டும், ஆனால் வெள்ளையர் என்றும் பார்த்திருக்கிறேன், 'இந்தியன்' என்று சொன்னதை நம்பி அமெரிக்கப் பூர்வகுடி என்று போட்டதையும் பார்த்திருக்கிறேன். குற்றச்சாட்டு என்ற கட்டம்தான் ஆபத்தானது. அது கைது செய்த காவலர் எழுதியது. அரசு வக்கீல் பின்னால் அதைக் குறைக்கலாம், மாற்றலாம், வழக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாம். புக்கிங் தாள் அதன் பிறகும் பழையபடியே இருக்கும். வேலை கொடுப்பவரும் பெண் கொடுப்பவரும் படிப்பது அந்தப் பழைய வரியைத்தான்.

'விடுவிக்கப்பட்டார்' என்ற வரியும் ஏமாற்றும். ஜாமீன் கட்டி விடுவித்தார்களா, வேறு துறையிடம் ஒப்படைத்தார்களா என்று பார்க்க வேண்டும். குடியேற்றத் துறை ஐஸ் ஒருவரைக் கேட்டால், விடுதலை நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்லிக் கவுண்டிக்குக் கோரிக்கை அனுப்பும். அதன்பின் அவர் பெயர் கவுண்டிப் பக்கத்திலிருந்து போய்விடும், வீட்டுக்கும் வந்திருக்க மாட்டார். ஐஸுக்கென்று தனித் தேடல் பக்கம் உண்டு. குடியேற்றத் துறை கொடுக்கும் ஏ-எண்ணும் பிறந்த நாடும் வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துப் பிசகாத பெயரும் பிறந்த நாடும் வேண்டும். படிக்க வந்த மாணவனுக்குப் பெரும்பாலும் ஏ-எண் இருக்காது. எழுத்துப் பிசகாத பெயர் என்றால் ஃப்னுவைச் சேர்த்தா, சேர்க்காமலா? இரண்டும் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். கூட்டாட்சி வழக்கில் பிடிபட்டவரை மார்ஷல்கள் கவுண்டி ஜெயிலில் வாடகைக்கு வைத்திருப்பதும் உண்டு. உள்ளே படுத்திருப்பார், பட்டியலில் பெயர் இல்லாமலும் போகலாம்.

என் அலுவலகத்துக்கு வரும் பெண்களில் இரண்டு வகை. கணவன் எங்கே என்று தேடுகிறவர்கள், கணவன் எப்போது வெளியே வருவான் என்று பயப்படுகிறவர்கள். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே பக்கத்தை. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் மேரி பைரன் என்ற பெண், தன்னைப் பலாத்காரம் செய்ததற்காகக் கைதான முன்னாள் காதலன் ஜாமீனில் வெளிவந்தது தெரியாமலே 1993 டிசம்பரில், தன் 21-ஆவது பிறந்த நாளன்று அவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் அங்கே தொடங்கியதுதான் வைன் என்ற அறிவிப்பு முறை. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. ஆள் பெயரைப் பதிந்துவைத்தால் விடுவிக்கும்போது போனில் தகவல் வரும். அடிபட்ட மனைவி கூப்பிட்டால் நான் செய்யும் முதல் வேலை அதில் அவள் நம்பரை ஏற்றுவது. புகுந்த வீட்டாருக்கும் தெரிந்த போன் நம்பரைக் கொடுக்காதே என்பேன். குடும்ப வன்முறை வழக்கென்றால் டெக்சஸில் ஜாமீன் கட்டியபிறகும் நான்கு மணி நேரம் வைத்திருக்கலாம், மாஜிஸ்திரேட் அதை நீட்டவும் செய்யலாம். ஒரு பெட்டி கட்டிக்கொண்டு குழந்தையோடு கிளம்ப அந்த நேரம் போதும். ஒருமுறை கணவன், மனைவி இரண்டு தரப்பும் ஒரே மாலையில் என்னையே கூப்பிட்டார்கள். முதலில் கூப்பிட்டவருக்குத்தான் எங்கள் அலுவலகம், மற்றவரை வேறு வக்கீலிடம் அனுப்பினோம்.

இவ்வளவு பேசுகிறவள், புகைப்படத்தைப் பொதுவில் போடுவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு முகம் தேவைப்பட்டதே இல்லை. ஒருவருடைய வாழ்க்கையின் மோசமான மணி நேரத்தில், தூக்கமில்லாத கண்ணோடு, சுவரோரம் நிறுத்தி எடுத்த படம் அது. கவுண்டிகள் போட்ட அந்தப் படங்களை அள்ளி வைத்து, நீக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று பிழைத்த இணையதளங்கள் இருந்தன. 2013-ல் கூகுள் தேடலில் அவற்றைப் பின்னுக்குத் தள்ளியது, அதே வருஷம் டெக்சஸ் அப்படிக் காசு கேட்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது, 2018-ல் கலிபோர்னியா அரசு அப்படி ஒரு தளத்தின் உரிமையாளர்கள் மீது மிரட்டிப் பணம் பறித்ததாக வழக்குப் போட்டது. அரிசோனாவின் மரிக்கோபா கவுண்டி கைதானவர்களின் படத்தைப் பகிரங்கமாகப் போட்டு வந்தது விசாரணைக்கு முன்பே தண்டிப்பதாகும் என்று போட்ட வழக்கு நிற்கும் என ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-ல் சொன்னது. டெக்சஸ் அந்த வட்டாரத்தில் இல்லை. இங்கே இன்னும் கவுண்டிக்குக் கவுண்டி ஷெரிஃபின் இஷ்டம்.

படமே இல்லாமலும் மானம் போகும் வழி ஒன்று உண்டு. அன்றன்றைய புக்கிங் பட்டியலை எடுத்து, அதிலிருக்கும் முகவரிகளுக்கு விளம்பரக் கடிதம் போடும் வக்கீல் அலுவலகங்கள் ஏராளம். ஜாமீனில் வந்தவர் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருப்பார். நாலாம் நாள் தபால் பெட்டி நிறைய, அவருடைய குற்றச்சாட்டையே தலைப்பாகப் போட்டு உறைகள் வந்து விழும். ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அப்பாதான் தினமும் நடைப்பயிற்சி முடித்துத் தபாலை எடுத்து வருவார். "கைதானதை விட அப்பா அந்தக் கவரைக் கொண்டுவந்து டேபிள்ல வெச்சதுதான் அக்கா..." என்று ஒருவர் முடிக்காமல் விட்டார். எங்கள் அலுவலகம் அப்படிக் கடிதம் போடுவதில்லை. முதலாளி வக்கீல் அதை நல்ல குணம் என்கிறார். தபால் செலவு மிச்சம் என்பது என் எண்ணம்.

பகலில் நடக்கும் வேலை பழைய பதிவைத் தேடுவது. பச்சை அட்டைக்கோ குடியுரிமைக்கோ மனுப் போடும்போது எப்போதாவது கைதானீர்களா என்ற கேள்வி வரும். பத்து வருஷத்துக்கு முன் வேறு ஊரில், படிக்கிற காலத்தில், கார் ஓட்டியபோது குடித்திருந்தார் என்று ஒரு வழக்கு. "அது அப்பவே தள்ளுபடி ஆயிடுச்சு சார், ஒண்ணுமில்ல" என்று வக்கீலிடம் சொல்வார். ஒன்றுமில்லாமல் போகாது. கவுண்டியில் எடுத்த கைரேகை எஃப்பிஐக்குப் போகிறது, 2008-இல் தொடங்கிய ஒரு திட்டத்துக்குப் பிறகு அது குடியேற்றத் துறையின் கணினியையும் தொடுகிறது. 2015-க்குப் பின் குடிபோதைக் கைது ஒன்றை வைத்தே, வழக்கு முடியுமுன் விசாவை ரத்து செய்யத் தூதரகங்களால் முடியும். அதனால் மறைக்க முடியாது, முடிவைக் காட்டும் முத்திரை போட்ட நகல்தான் வேண்டும். அது ஷெரிஃபிடம் இருக்காது, நீதிமன்ற எழுத்தரிடம் இருக்கும். புக்கிங் எண் ஒன்று, வழக்கு எண் வேறொன்று. முதலில் ஷெரிஃபிடம் கைதான தேதியையும் புக்கிங் எண்ணையும் வாங்கி, அதை வைத்து எழுத்தரிடம் வழக்கு எண்ணைத் தேட வேண்டும். கவுண்டி இடையில் மென்பொருளை மாற்றியிருந்தால் பழையது புதியதில் வராது. யாராவது பழைய ஊழியர் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பார்க்க மனம் வைக்க வேண்டும். அவர்களிடம் நான் எப்போதும் முதலில் வெயிலைப் பற்றித்தான் பேசுவேன்.

இதில் பெரிய இக்கட்டு, பதிவை நீக்கும் உத்தரவு வாங்கியவர்களுக்கு. வழக்கு தள்ளுபடியானதும் நல்ல வக்கீல் நீதிமன்றத்தில் கேட்டு எல்லாப் பதிவையும் அழிக்க உத்தரவு வாங்கிக் கொடுத்திருப்பார். வேலை தேடும்போது அது வரம். குடியேற்றத் துறையோ, அழித்திருந்தாலும் சொல், காகிதத்தைக் காட்டு என்கிறது. காட்டுவதற்கு எங்கே போவது, அழித்தாயிற்றே! இப்போது எங்கள் இரண்டு வக்கீல்களும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அழிக்கச் சொல்லி மனுப் போடுவதற்கு முன்பே குற்றப்பத்திரிகை, தள்ளுபடி உத்தரவு, புக்கிங் தாள் எல்லாவற்றுக்கும் முத்திரை நகல் இரண்டு செட் எடுத்து, ஒன்றைக் கட்சிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் மனு. டெக்சஸில் அந்த மனுவிலேயே யார் யாரிடம் பதிவு இருக்கிறதோ அவர்கள் பெயரையெல்லாம் எழுத வேண்டும்: பிடித்த போலீஸ், நகர ஜெயில், ஷெரிஃப், அரசு வக்கீல், எழுத்தர், மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை, பதிவுகளை வாங்கி விற்கும் தனியார் கம்பெனிகள். நகர ஜெயிலை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்தப் பட்டியலை நான் தட்டுகிறேன், கிரிமினல் வக்கீல் ஒருமுறை பார்க்கிறார், கட்சிக்காரரை உட்கார வைத்து அன்று இரவு எந்தெந்தக் கட்டடத்துக்குக் கொண்டு போனார்கள் என்று கேட்டு இன்னொரு முறை சரிபார்க்கிறேன்.